ஃபெர்குசன் டி.இ.20-ஆ, மாஸி 35-ஆ? லேசான வேலைக்கு எந்தப் பழைய டிராக்டர்

கேள்வி இது. சில ஏக்கர் நிலம். புல் வெட்ட வேண்டும், ஒரு டன் வரை டிரெய்லர் இழுக்க வேண்டும், உழுத மண்ணில் பலுகு ஓட்ட வேண்டும், மழை அரித்த வண்டிப்பாதையைப் பின்பக்க பிளேடு வைத்து நிரவ வேண்டும். இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நிற்கின்றன. ஒன்று 1950-களின் தொடக்கத்தில் வந்த ஃபெர்குசன் டி.இ.20, பெட்ரோல். மற்றது 1960-களின் தொடக்கத்தில் வந்த மாஸி ஃபெர்குசன் 35, டீசல். எதை எடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 35-இல் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜினும் இரட்டை கிளட்சும் இருந்தால் அதை எடுங்கள். இரண்டுமே இல்லாத 35 என்றால், நல்ல நிலையில் இருக்கும் டி.இ.20 அதைவிட மேல். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் வண்டியின் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

குதிரைத்திறனை வைத்து இதைச் சொல்லவில்லை. டி.இ.20 பெட்ரோல் வண்டிக்கு 28-ஐ ஒட்டி, பெர்கின்ஸ் 35-க்கு 37-ஐ ஒட்டி. உங்கள் பட்டியலில் உள்ள எந்த வேலைக்கும் 28 போதும். பின்னால் மாட்டிய கருவி எவ்வளவு தூரம் உங்கள் கட்டுப்பாட்டில் நிற்கிறது என்பதில்தான் இரண்டு வண்டிகளும் வேறுபடுகின்றன.

இரண்டும் ஒரே குடும்பம். கருவியை மூன்று இடத்தில் பிடிக்கும் ஹாரி ஃபெர்குசனின் மூன்று-புள்ளி இணைப்போடு டி.இ.20 இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேல். அதன் இடத்துக்கு 1956-இல் வந்தது எஃப்.இ.35, சாம்பலும் பொன்னும் கலந்த நிறம். அடுத்த ஆண்டின் கடைசியில் சிவப்பு பூசி மாஸி ஃபெர்குசன் 35 ஆனது. இவ்வளவு எண்ணிக்கையில் வந்ததால் இரண்டுக்குமே உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. பெயர் மறந்துபோன ஒரு கம்பெனியின் வண்டி பளபளவென்று நின்றாலும், ஒரு கிரவுன் வீலுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

புல் வெட்டும்போதுதான் கிளட்ச் வித்தியாசம் தெரியும். டி.இ.20-இல் ஒரே கிளட்ச். பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் கியர்பாக்ஸ் வழியாகச் சுழல்கிறது. பெடலை மிதித்தால் இன்ஜின் விலகிவிடும், ஆனால் பி.டி.ஓ.-வும் சக்கரங்களும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். ரோட்டரி புல்வெட்டியின் கனமான பிளேடு சுழன்றுகொண்டே ஷாஃப்டைப் பின்னிருந்து தள்ளும், ஷாஃப்ட் கியர்பாக்ஸைத் தள்ளும், வண்டி நிற்காமல் முன்னே போகும். வேலி ஓரத்திலும் பள்ளத்தின் விளிம்பிலும் இது உயிருக்கு ஆபத்து. டி.இ.20-இல் ரோட்டரி புல்வெட்டி மாட்டுவதென்றால் ஓட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் கடத்தி, கருவி வண்டியைத் தள்ளவிடாத ஓவர்-ரன்னிங் கிளட்ச் கட்டாயம் வேண்டும். இதில் பேரம் வேண்டாம்.

டி.இ.20-இன் பி.டி.ஓ. ஷாஃப்ட் ஒன்றேகால் இன்ச்சுக்கும் சற்றுக் குறைவு: 1 1/8 இன்ச். இன்றைய கருவிகளுக்கு 1 3/8. அளவை மாற்றித்தரும் அடாப்டரிலேயே ஓவர்-ரன்னிங் கிளட்ச் சேர்ந்து வருவது உண்டு. அதை வாங்கினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும். ஆனால் அடாப்டர் சில இன்ச் நீளத்தைக் கூட்டும். அதனால் கருவியின் டிரைவ் ஷாஃப்டை மறுபடி அளக்க வேண்டும். லிஃப்டை மெல்ல ஏற்றி இறக்கி, ஷாஃப்ட் எந்த உயரத்தில் மிகக் குறுகுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் குழாய் முட்டக் குறைந்தது ஒரு இன்ச் இடைவெளி மிஞ்ச வேண்டும்; மிக நீளும் இடத்தில் உள்குழாயின் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். முட்டினால் பி.டி.ஓ. பேரிங்கும் கருவியின் கியர்பாக்ஸும் உடையும். வெட்டிக் குறைத்தால் உள், வெளிக் குழாய் இரண்டையும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு வெட்டுங்கள்.

35-இன் இரட்டை கிளட்சில் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரங்களுக்குப் போகும் ஓட்டம் மட்டும் நிற்கும், பி.டி.ஓ.-வும் ஹைட்ராலிக் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும். முழுக்க மிதித்தால் எல்லாம் நிற்கும். புல் அடர்ந்த இடத்தில் பாதி மிதித்து நின்று, பிளேடு வெட்டித் தள்ளியதும் மறுபடி நகரலாம். ஒற்றை கிளட்சில் நீங்கள் நின்றால் பிளேடும் நிற்கும், புல் அடைத்துக்கொள்ளும், நியூட்ரலுக்கு வந்து, பின்னால் எடுத்து, மறுபடி தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இருபது முறை இதைச் செய்தால் வேலையும் பாழ், கிளட்சும் பாழ்.

எல்லா 35-லும் இரட்டை கிளட்ச் இல்லை. சாதாரண மாடலில் ஒற்றை கிளட்ச்தான், டீலக்ஸில்தான் இரட்டை. விற்பவர் சொல்வதை விடுங்கள், சோதித்துப் பாருங்கள். பி.டி.ஓ.-வில் எதுவும் மாட்டாமல் இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. லிவரைப் போடுங்கள். ஒருவர் தள்ளி நின்று ஷாஃப்டைப் பார்க்கட்டும். பெடல் பாதியில் ஷாஃப்ட் சுழல வேண்டும், முழுக்கப் போனால் நிற்க வேண்டும். பிறகு திறந்த இடத்தில் முதல் கியரில் மெல்ல நகர்த்தி, பாதி மிதிக்கும்போது வண்டி நிற்கிறதா, ஷாஃப்ட் இன்னும் சுழல்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிலையும் காலில் பிரிந்து தெரியவில்லை என்றால் ஒற்றை கிளட்ச், அல்லது சரிசெய்யாமல் விட்ட இரட்டை கிளட்ச். கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரட்டை கிளட்சின் விலையும் அதிகம். வாங்கும் விலையில் இதைக் கழிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹைட்ராலிக்கில் இன்னொரு பெரிய வித்தியாசம். டி.இ.20-இல் டிராஃப்ட் கன்ட்ரோல் மட்டும்தான். கலப்பை மண்ணை இழுக்கும்போது டாப் லிங்க் என்ற மேல் இணைப்புக் கம்பியில் வரும் அழுத்தத்தை உணர்ந்து ஆழத்தைச் சரிசெய்யும். உழவுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் உங்கள் பட்டியலில் உழவே இல்லை. புல்வெட்டியும் பிளேடும் அந்த அழுத்தத்தைத் தருவதில்லை. அதனால் லிவரை நடுவில் வைத்து ‘இந்த உயரத்தில் நில்’ என்று சொல்ல முடியாது. மேலே போகும், இல்லையென்றால் கீழே போகும். இதற்குப் பழைய வழி, செக் செயின். டாப் லிங்க் பின்னிலிருந்து இரு கீழ்க் கைகளுக்கும் சங்கிலி போட்டு, வேண்டிய உயரத்தில் கருவியைத் தொங்கவிடுவது. புல்வெட்டிக்கு இது போதும். பாதை நிரவும்போது அரை இன்ச், ஒரு இன்ச் என்று பிளேடை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிக் கண்ணி மாற்ற முடியாது. 35-இல் கருவியை வேண்டிய உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலுக்குத் தனி லிவர் வந்துவிட்டது. பிளேடு வேலை அதிகம் என்றால் இந்த ஒரு லிவருக்காகவே 35-ஐ எடுக்கலாம்.

கியரைப் பற்றிச் சுருக்கமாக: டி.இ.20-க்கு நான்கு, 35-க்கு ஆறு. டி.இ.20-இன் முதல் கியர், பி.டி.ஓ. சரியான வேகத்தில் சுழலும்போது மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் ஓடும். 35-இல் அதில் பாதி வேகத்துக்கு இறங்கலாம். பின்னாளில் ரோட்டவேட்டர் மாட்டும் எண்ணம் இருந்தால் டி.இ.20-ஐ மறந்துவிடுங்கள்.

இனி இன்ஜின். 35-இன் பக்கத்தில் நின்று இன்ஜெக்டர்களை எண்ணுங்கள். மூன்று என்றால் பெர்கின்ஸ் 3.152 குடும்பம், இரண்டரை லிட்டர். 1959-இன் கடைசியிலிருந்து வந்தது. நான்கு என்றால் அதற்கு முன் வந்த ஸ்டாண்டர்ட் 23சி. நான்கு சிலிண்டர் என்பதால் உசத்தி என்று நினைக்க வேண்டாம். 23சி புதிதாக இருந்தபோதே குளிரில் கிளம்பத் தகராறு செய்யும். தேய்ந்தபின் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பெர்கின்ஸ் இதற்கு நேர் எதிர். இதே குடும்ப இன்ஜின் பின்னால் மாஸி ஃபெர்குசன் 135 உள்ளிட்ட மாடல்களிலும் வந்ததால் பிஸ்டன், லைனர், பேரிங், கேஸ்கெட் எதற்கும் பஞ்சமில்லை.

டி.இ.20-இன் பெயர்த்தகட்டிலும் எழுத்துகளைப் பாருங்கள். டி.இ.ஏ. என்றால் பெட்ரோல், டி.இ.டி. என்றால் டி.வி.ஓ. என்ற மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்குச் செய்தது, டி.இ.எஃப். என்றால் டீசல். டி.வி.ஓ. வண்டியைப் பெட்ரோலில் ஓட்டலாம், ஆனால் கம்ப்ரஷன் குறைவு என்பதால் பெட்ரோல் மாடலின் திறன் வராது. டி.இ.எஃப். டீசலும் கிளம்பச் சோம்பேறி. இந்த மாடலில் வாங்கத் தகுந்தது டி.இ.ஏ.-தான்.

பெட்ரோல் என்பதால் தயங்க வேண்டாம். மாதத்துக்குச் சில மணி நேரமே ஓடும் வண்டிக்கு எரிபொருள் செலவு பெரிய கணக்கில்லை. பாயின்ட், பிளக், கார்புரேட்டர் எல்லாம் கையில் நான்கு ஸ்பேனர் இருக்கும் யாரும் சரிசெய்யக்கூடியவை. ஆனால் பெட்ரோல் தேங்கினால் கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் கட்டும். நிறுத்தும்போது டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றை மாற்றிவிடுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் ‘நான் வரும்வரை இன்ஜினைப் போடாதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் முதலில் கையை பிளாக்கில் வையுங்கள். சூடாக இருந்தால், சூடாக்கி வைத்ததற்குக் காரணம் இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெர்கின்ஸில் ஆயில் அளவுக்கோட்டுக்கு மேலே ஏறி, நீர்த்துப்போய், டீசல் வாடை அடித்தால், டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் கிழிந்து, டீசல் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்குள் இறங்குகிறது. பம்ப் மலிவு, மாற்றுவது எளிது. ஆனால் அப்படியே எவ்வளவு நாள் ஓட்டினார்களோ அவ்வளவுக்குப் பேரிங் தேய்ந்திருக்கும்.

டி.இ.20-இல் லைனர்கள் தண்ணீரில் நேரடியாக நிற்பவை. அவற்றின் அடியில் 8 வடிவ கேஸ்கெட் உண்டு. அது அரித்துப்போனால் தண்ணீர் நேராக ஆயிலுக்குள் இறங்கும். நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் ஒன்றும் ஆகாததுபோலத் தோன்றலாம், ஏனென்றால் தண்ணீர் அடியில் படிந்திருக்கும். சம்ப் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் வருவது தண்ணீர் என்றால் விஷயம் தெரிந்துவிடும். இதைச் சரிசெய்ய ஹெட்டைக் கழற்றி லைனர்களை உருவ வேண்டும். ஹெட் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பிறகு கிளப்புங்கள். டீசலில் முதல் அரை நிமிடம் கொஞ்சம் வெள்ளை அல்லது நீலப் புகை வந்து தெளிந்தால் கவலையில்லை. சூடான பிறகும் நீலம் நின்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகையோடு ஒரு சிலிண்டர் தடுமாறினால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் கரும்புகை கக்கினால் முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள். ஆயில் பாத் கிண்ணத்தில் சேறு கட்டியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓட்டையிலிருந்து புகை ரயில் போலப் ‘புஸ் புஸ்’ என்று அடித்தால் ரிங் போய்விட்டது. நன்றாகச் சூடானபின், வேலை வேகத்தில் பெர்கின்ஸின் ஆயில் பிரஷர் சதுர இன்ச்சுக்கு 30 பவுண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெட்ரோல் வண்டிக்கு கம்ப்ரஷன் மீட்டர் கொண்டுபோங்கள். நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருப்பதுதான் முக்கியம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

ஹைட்ராலிக்கைச் சோதிக்குமுன் ஒன்று. டி.இ.20-இல் பம்ப் பி.டி.ஓ. ஓட்டத்தில்தான் இயங்கும்; பி.டி.ஓ. லிவரைப் போடாமல் லிஃப்ட் ஏறாது. இது தெரியாமல் ‘லிஃப்ட் செத்துவிட்டது’ என்று நல்ல வண்டியை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. முதலில் ஆயில் சூடாக அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஏனென்றால் கெட்டி ஆயிலில் தேய்ந்த பம்பும் ஏற்றிக் காட்டும். பிறகு 250 கிலோவாவது எடையுள்ள கருவியை மாட்டி, மெல்லிய ஓட்டத்தில் தூக்குங்கள். நடுங்காமல் ஏற வேண்டும். மேலே நிற்கும்போது சில நொடிக்கு ஒருமுறை லிஃப்டின் கை தலையாட்டினால், உள்ளே ஆயில் கசிந்து பம்ப் அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. ராம் பிஸ்டனின் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்குவது பழைய வண்டிக்கு மன்னிக்கத்தக்கது. சில நொடியில் தரையைத் தொட்டால் மேல்மூடியைத் தூக்கும் வேலை வரும். லிஃப்ட் மேலே நிற்கும்போது கருவிக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்ஸில் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கியர் லிவர் ரப்பர் கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே போகும். இரவு முழுக்க நின்ற வண்டியில் அடிப்பிளக்கைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். அரை டம்ளர் தண்ணீர் வந்தால் ஆயில் மாற்றினால் தீரும். ஆயிலே பால் நிறமாகி நெடுநாள் ஓடியிருந்தால் பம்பின் உள்பாகங்களில் துரு பிடித்திருக்கும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, திறந்த இடத்தில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி பெடலை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் தகடு தேய்ந்தது, அல்லது பின்பக்க ஆயில் சீல் கசிந்து எண்ணெய் ஏறியது. சரிவில் ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கிப் பாருங்கள். கியர் தானாக வெளியே துள்ளினால் அது தேய்மானம். பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கறை இருந்தால் ஆக்ஸில் சீல் போய் பிரேக் லைனிங் நனைந்திருக்கிறது. இரு பிரேக்கையும் தனித்தனியே சோதியுங்கள்.

ஸ்டியரிங்கில் இந்த வண்டிகளுக்கு இரு பக்கமும் தனித்தனி கம்பி உண்டு. அதனால் ஒரு பக்கத்து பால் ஜாயின்ட் தேய்ந்தது மறுபக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின்னும் நடு பிவட் பின்னும் தெரிந்துவிடும். இவை மலிவான வேலை, பேரத்துக்குத்தான் உதவும். பின் டயர் அப்படியில்லை. பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் புது ஜோடி டயரின் விலையை வண்டி விலையோடு சேர்த்தே நினையுங்கள். வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தால் எடைக்காக கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள், ரிம்மும் போகும்.

இப்போது இடைப்பட்ட நிலைமைகள். 35-இல் பெர்கின்ஸ் இருக்கிறது, ஆனால் ஒற்றை கிளட்ச் என்றால் அப்போதும் என் தேர்வு 35-தான்; பொசிஷன் கன்ட்ரோலுக்காகவும் இன்ஜினுக்காகவும். ஓவர்-ரன்னிங் கிளட்சை அதற்கும் மாட்டிக்கொள்ளுங்கள். 23சி இன்ஜினோடு இரட்டை கிளட்ச் என்றால், குளிர்ந்த நிலையில் பத்து நொடிக்குள் கிளம்பினால் மட்டும் எடுங்கள். பெர்கின்ஸ் 35 ஆயில் எரித்து, லிஃப்டும் இறங்கி, கிளட்சும் வழுக்கினால், அது மூன்று பெரிய வேலை. டிரெய்லரும் பலுகும் மட்டுமே போதும் என்று இருக்கிறவர் அப்போது சுத்தமான டி.இ.20-ஐ எடுத்துக்கொள்ளலாம். அது ஏறக்குறைய 1,100 கிலோதான் இருக்கும், ஈர மண்ணை அதிகம் அமுக்காது.

இரண்டிலும் வண்டி கவிழ்ந்து உருளும்போது ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது. பொருத்தக் கிடைத்தால் வாங்கிப் பொருத்தி, பெல்ட்டும் போடுங்கள். சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் மட்டும் போடக் கூடாது. எதை இழுத்தாலும் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மாட்டி இழுங்கள். டாப் லிங்க் இடத்திலோ ஆக்ஸிலிலோ சங்கிலி கட்டி இழுத்தால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர்மேல் கவிழும்; நினைத்துப் பிரேக் போட நேரம் இருக்காது. இரு பிரேக் பெடலையும் இணைக்கும் கொக்கி இருந்தால் சாலையில் ஏறுமுன் அதைப் போடுங்கள்.

வாங்கி வந்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆசையை ஒரு நாள் தள்ளிவையுங்கள். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஏர் கிளீனர் ஆயில் எல்லாம் புதிது. பெர்கின்ஸுக்குக் குளிர்ந்த நிலையில் டாப்பெட் இடைவெளி 0.012 இன்ச். டீசல் ஃபில்டர் மாற்றியபின் காற்று எடுக்க வேண்டும்: ஃபில்டரின் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தி, லிஃப்ட் பம்பின் கைலிவரை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள், அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூக்கள், கடைசியில் இரண்டு இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் துள்ளியதும் இறுக்குங்கள். அந்த டீசல் பீச்சும் அழுத்தம் தோலைத் துளைக்கும், விரலை வைத்துப் பார்க்க வேண்டாம். கைலிவர் தொளதொளவென்று ஒன்றும் அடிக்காவிட்டால் பம்ப் கெட்டது என்று கழற்றாதீர்கள். உள்ளே கேம் மேடு அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேர வேலை முடிந்ததும் சக்கர நட்டுகள் அனைத்தையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.